பண்டிகை நாளில் பிள்ளைக்கும் ஒரு வேலை கொடுங்கள்

நாலு வயதில் மகள், ஒன்றரை வயதில் மகன், கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகிறவர்கள், சென்னையில் அபார்ட்மெண்ட் வீடு. பண்டிகை வந்தாலே எங்களுக்கு அலுப்பு, பிள்ளைகளுக்கு அழுகை, கடைசியில் அவர்களை டிவி முன்னால் உட்கார வைத்துவிட்டுத்தான் பூஜையை முடிக்கிறோம் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆடி பிறக்கப் போகிறது, இனி வரிசையாகப் பண்டிகைதான், இதையெல்லாம் சின்னப் பிள்ளைகளுக்கு ஏற்ற மாதிரி எப்படி மாற்றுவது என்பது கேள்வி.

நர்சரி வயதுப் பிள்ளைகளோடு பல வருஷம் வேலை பார்த்தவள், சொந்தமாக இரண்டை வளர்த்தவள் என்கிற முறையில் சொல்கிறேன்: பெரிதாக எதையும் மாற்ற வேண்டாம். நம் பண்டிகைகள் பலவற்றில் சின்னப் பிள்ளைக்கென்றே ஒரு வேலை ஏற்கெனவே இருக்கிறது. நாம் அதை விட்டுவிட்டுப் பெரியவர்கள் பங்கை மட்டும் பிடித்துக்கொண்டோம். பலகாரப் பட்டியல், பட்டுப்பாவாடை, நல்ல நேரம், போட்டோ. பிள்ளை நடுவில் வந்தால் "தள்ளிப் போ, சுடும்", "தொடாதே, அது சாமிக்கு". காலையிலிருந்து இதையே கேட்டுக்கொண்டிருக்கும் பிள்ளை அழாமல் என்ன செய்யும்?

எங்கள் திருநெல்வேலிப் பக்கம் சிறுவீட்டுப் பொங்கல் என்று ஒன்று உண்டு. தூத்துக்குடி, கன்னியாகுமரிப் பக்கமும் தெரியும். மார்கழி முழுக்க விடியற்காலையில் வாசல் தெளித்துக் கோலம் போட்டு, நடுவில் சாணி உருண்டை பிடித்து அதில் பூசணிப் பூவைச் செருகி வைப்பார்கள். வெயில் ஏறியதும் அந்த உருண்டையைப் பூவோடு சேர்த்துத் தட்டிச் சுவரில் காய வைப்பது சிறுமிகளின் பொறுப்பு. தை பிறந்து பெரிய பொங்கல் முடிந்ததும், ஊருக்கு ஊர் நாள் மாறும், பிள்ளைகளுக்கு என்று தனியாக ஒரு பொங்கல். முற்றத்தில் களிமண்ணைக் குழைத்துச் சின்னதாக ஒரு வீடு கட்டுவார்கள். சுவர் சாண் உயரம்கூட இருக்காது. ஆனால் அடுப்படி தனி, அறை தனி, வாசல் தனி. சுவருக்குச் சுண்ணாம்பு, ஓரத்துக்குக் காவிப் பட்டை. அதன் முன்னால் சின்ன அடுப்பு, சின்னப் பானை, நிஜ அரிசி, நிஜ வெல்லம். பொங்கல் இடுவது சிறுமிகள். அம்மாவும் ஆச்சியும் தீ கையை மீறிப் போகாமல் பார்த்துக்கொள்வதோடு சரி. பிறகு காய்ந்த பூ எருக்களையும் கொஞ்சம் பொங்கலையும் எடுத்துக்கொண்டு ஆற்றுக்குப் போய்த் தண்ணீரில் விடுவார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது, பிள்ளைக்குக் கொடுத்த வேலை விளையாட்டு வேலை இல்லை என்பது. பானை மட்டும்தான் சின்னது, பொங்கல் உண்மைப் பொங்கல். அந்தப் பொங்கலைப் பெரியவர்களும் கை நீட்டி வாங்கிச் சாப்பிடுவார்கள்.

அபார்ட்மெண்டில் சாணிக்கு எங்கே போவது, களிமண்ணை டைல்ஸ் தரையில் எப்படிக் குழைப்பது என்று கேட்பீர்கள். பெரிய அட்டைப் பெட்டி ஒன்றைப் பக்கவாட்டில் படுக்க வைத்து வாசல் வெட்டிக் கொடுங்கள். காவி, சுண்ணாம்புக்குப் பதில் போஸ்டர் கலர். பால்கனியில் பழைய பாயை விரித்து உட்கார வைத்தால் உங்கள் மகளுக்கு ஒரு சாயங்காலம் முழுக்க வேலை இருக்கும். மறுநாள் பெரிய பானைக்குப் பக்கத்துப் பர்னரில் ஒரு சின்னப் பித்தளைச் சொம்பு அவள் பெயரில் ஏறட்டும். அரை ஆழாக்கு அரிசி, இரண்டு கரண்டி பாசிப்பருப்பு, முக்கால் ஆழாக்கு தூள் வெல்லம் போதும். அரிசி அளப்பதும் களைவதும் அவள். முந்திரியை உடைப்பதும், திராட்சையின் காம்பைக் கிள்ளுவதும் அவள். நெய்யில் வறுப்பதும் வெல்லப் பாகும் நீங்கள். பாகு விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள். கொதிக்கிற தண்ணீர் பட்டால் வழிந்துவிடும், பாகு தோலிலேயே ஒட்டிக்கொண்டு சுடும். அடுப்பிலிருந்து இரண்டடி தள்ளிச் சாக்பீஸில் ஒரு கோடு போட்டு, "இதுக்கு அந்தப் பக்கம் அம்மா மட்டும்" என்று சொன்னால் நாலு வயதுப் பிள்ளைக்குப் புரியும். வாயால் நூறு தடவை சொல்வதைவிட அந்தக் கோட்டுக்கு மரியாதை அதிகம்.

ஒன்றரை வயதுக்காரனுக்கு என்ன வேலை? பால் பொங்கும்போது தட்டைக் கரண்டியால் தட்டுவது. யாராவது இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு, கையில் ஒரு எவர்சில்வர் தட்டும் மரக் கரண்டியும் கொடுத்துவிடுங்கள். "பொங்கலோ பொங்கல்" என்று எல்லோரும் கத்தும்போது அவனும் கத்துவான். வீட்டில் மற்ற நாளெல்லாம் "கத்தாதே" என்று கேட்கிற பிள்ளைக்கு, தாத்தாவே கூடச் சேர்ந்து கத்துகிற நாள் என்றால் அது பண்டிகைதானே.

இப்போது நேரம். பெரும்பாலான அழுகை பசியாலும் தூக்கத்தாலும் வருவது, பக்திக் குறைவால் இல்லை. காலண்டரில் போட்டிருக்கும் நல்ல நேரம் உங்கள் மகனின் மத்தியானத் தூக்கத்தோடு மோதினால் ஜெயிப்பது தூக்கம்தான். அடுப்பு பற்ற வைப்பதை நல்ல நேரத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிள்ளைகள் சாப்பாட்டை அவர்கள் நேரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். படைக்கும் முன் யாரும் சாப்பிடக் கூடாது என்ற வழக்கம் உங்கள் வீட்டிலும் இருக்கும். அதைப் பற்றி அத்தையிடம் சண்டை பிடிக்க வேண்டியதில்லை. "குழந்தைக்கு தோஷம் இல்லை" என்பதும் பெரியவர்கள் வாயிலிருந்து வந்ததுதான். காலையிலேயே இட்லியை ஊட்டிவிட்டு, "பிள்ளைகளுக்கு மட்டும் கொடுத்துவிட்டேன் அத்தை" என்று சாதாரணமாகச் சொல்லிப் பாருங்கள். நான் பார்த்தவரை, முதல் நாளே அனுமதி கேட்டால்தான் பேச்சு வளர்கிறது.

போகியை நான் சுருக்கித்தான் வைப்பேன். பழைய துணி, டயர், பிளாஸ்டிக் எரிக்கிற புகை சின்ன நுரையீரலுக்கு ஆகாது. 2018 போகியன்று சென்னையில் புகையும் பனியும் சேர்ந்து விமானங்களையே நிறுத்தி வைத்தது நினைவிருக்கும். பிள்ளைக்குப் போகி என்றால் மேளம்தான். தெருவில் விற்கிற சின்ன மேளம் ஒன்று வாங்கிக் கொடுத்து, விடிந்தபின் அடிக்க விடுங்கள். காதுக்கு ஒரு மணி நேரம் கஷ்டம், அவ்வளவுதான். உங்கள் மாடியில் தெலுங்கு பேசுகிற குடும்பம் இருந்தால் அன்று சாயங்காலம் பிள்ளைகளை அங்கே கூட்டிப் போங்கள். சின்னக் குழந்தைகளை உட்கார வைத்து இலந்தைப் பழம், பூ, கரும்புத் துண்டு, காசு எல்லாம் கலந்து தலையில் கொட்டி ஆசீர்வாதம் செய்வார்கள். மகன் வாயில் காசும் இலந்தைக் கொட்டையும் போகாமல் பார்த்துக்கொள்ள ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

மாட்டுப் பொங்கலன்று பல வீடுகளில் பெண்கள் கனுப் பிடி வைப்பார்கள். மஞ்சள் இலையில் மஞ்சள் சாதம், சிவப்பு சாதம், தயிர் சாதம், பொங்கல் என்று சின்னச் சின்ன உருண்டைகளாகப் பிடித்துக் காக்கைக்கும் குருவிக்கும் மொட்டை மாடியில் வைப்பது. சாதத்தை உருட்டச் சின்ன கை போதும், உருண்டை கோணலாக இருந்தால் காக்கை ஒன்றும் சொல்லப் போவதில்லை. வைத்துவிட்டுத் தள்ளி நின்று எந்த நிற உருண்டையைக் காக்கை முதலில் எடுக்கிறது என்று பார்ப்பதில் அரை மணி நேரம் போகும்.

சரி, ஆவணிக்கு வருவோம். கிருஷ்ண ஜெயந்திக்கு வாசலிலிருந்து பூஜை அறை வரை பாதம் வரைவது உங்கள் மகனுக்காகவே வந்த வேலை. பெரியவர்கள் கையை முஷ்டி பிடித்து மாவில் தோய்த்துப் பதித்து, விரல் நுனியால் கால் விரல் வைப்போம். நிஜமான சின்னக் கால் வீட்டில் இருக்கும்போது அந்த வித்தை எதற்கு? அகலத் தட்டில் அரிசி மாவைக் கொஞ்சம் கெட்டியாகக் கரைத்து, ஒரு துணியை அதில் நனைத்து வையுங்கள். அந்தத் துணியை மிதித்துவிட்டு நடந்தால் பாதம் தெளிவாகப் பதியும். நேரே கரைசலில் இறக்கினால் டைல்ஸில் வழுக்கிவிடும். இரண்டு கையையும் பிடித்துக்கொண்டே நடத்துங்கள். பாதம் கதவுப் பக்கம் திரும்பிப் போனால், கிருஷ்ணர் வெளியே போகிறார் என்று யாராவது சொல்வார்கள், விட்டுவிடுங்கள்.

பிள்ளையார் சதுர்த்தியில்தான் நான் கொஞ்சம் பயமுறுத்த வேண்டியிருக்கிறது. களிமண் வாங்கி ஆளுக்கு ஒரு பிள்ளையார் பிடிப்பது அருமையான வேலை, செய்யுங்கள். ஆனால் கண்ணுக்கு வைக்கிற குன்றிமணி, சிவப்பில் கறுப்புப் பொட்டு வைத்த அந்த அழகான விதை, கடும் விஷம். அதில் அப்ரின் என்ற நஞ்சு இருக்கிறது. ஓடு கெட்டி என்பதால் முழுதாக விழுங்கினால் பல சமயம் அப்படியே வெளியே வந்துவிடும். கடித்தாலோ, மணியாகக் கோர்க்கத் துளை போட்டிருந்தாலோ உயிருக்கே ஆபத்து. முழுதாகத்தான் விழுங்கினான் என்று நினைத்தாலும் வீட்டில் காத்திருக்கக் கூடாது, உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஒன்றரை வயதுப் பிள்ளை எதையும் வாயில் போட்டுப் பார்க்கிற காலம். அதனால் கடைப் பிள்ளையாரில் கண் குன்றிமணியாக இருந்தால் வீட்டுக்குள் வரும் முன் பிடுங்கி எடுத்துவிட்டுக் கறுப்பு மையால் கண் வையுங்கள். எருக்கம்பூ மாலையும் அப்படித்தான். காம்பிலிருந்து வடிகிற பால் கண்ணில் பட்டால் கருவிழியையே பாதிக்கும். மாலை கோர்ப்பதைப் பெரியவர்கள் செய்து கை கழுவுங்கள். பிள்ளைகளுக்கு அருகம்புல் எண்ணிக் கட்டுகிற வேலை கொடுங்கள். மகள் பிடித்த பிள்ளையாருக்குத் தும்பிக்கை எந்தப் பக்கம் வளைந்தாலும் திருத்தாதீர்கள், பூஜையில் கடைப் பிள்ளையாருக்குப் பக்கத்திலேயே உட்கார வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரு வாளித் தண்ணீரில் கரைத்து அந்தத் தண்ணீரைத் துளசித் தொட்டிக்கு ஊற்றலாம்.

கொலு வைக்கிற வழக்கம் உங்கள் வீட்டில் இருந்தால், ஒன்பது படி இப்போது வேண்டாம். மூன்று படி போதும். அதில் கீழ்ப்படியைப் பிள்ளைகளுக்கே விட்டுவிடுங்கள். கொலுவில் மரப்பாச்சி எப்போதும் உண்டு, செட்டியார் கடை உண்டு, பிள்ளைகள் சொப்பு உண்டு. அந்த வரிசையில் உங்கள் மகளின் பிளாஸ்டிக் டைனோசர் நிற்பதற்குத் தடை ஒன்றும் இல்லை. கொலுவின் முன்னால் தரையில் பார்க் கட்டுவதுதான் பிள்ளைகளின் பரம்பரைப் பங்கு. அமாவாசைக்கு நாலைந்து நாள் முன்பே அகலத் தட்டில் மண் பரப்பிக் கடுகு, வெந்தயம், கேழ்வரகு என்று ஆளுக்கு ஒன்றாகத் தூவச் சொல்லுங்கள். தினமும் தண்ணீர் தெளிக்கிற வேலை மகளுக்கு. கொலு தொடங்கும்போது பச்சைப் புல்தரை தயார். அதில் கண்ணாடித் துண்டை வைத்துக் குளம் செய்வது பழைய வழக்கம். வீட்டில் ஒன்றரை வயது இருக்கும்போது வெள்ளித் தாள் ஒட்டிய அட்டை போதும். கிறிஸ்துமஸ் குடிலுக்கும் இதே மாதிரி புல் முளைக்க வைக்கிற வீடுகள் உண்டு, அங்கேயும் தண்ணீர் தெளிப்பது பிள்ளைகள்தான்.

மாமியார் வழியாக வந்த பழைய பொம்மைகள் என்றால் ஒரு விஷயம். வீட்டுப் பெயிண்டில் ஈயத்தின் அளவைக் கட்டுப்படுத்தும் விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய எனாமல் பூச்சில் ஈயம் இருந்திருக்கலாம். வண்ணம் உரிகிற பொம்மைகள் மேல்படிக்குப் போகட்டும், பிள்ளை கையில் வேண்டாம். விளக்கையும் கீழே வைக்காதீர்கள். மேல்படிப் பொம்மைகளின் அடியில் இரட்டைப் பக்க டேப் ஒட்டினால், மகன் படித்துணியை ஒருமுறை இழுத்தாலும் எல்லாம் சரிந்து வராது. இழுப்பான்.

சுண்டல் பற்றிச் சொல்லாமல் விடக் கூடாது. முழுக் கடலை, வேர்க்கடலை, பட்டாணி, முந்திரி எல்லாம் மூச்சுக்குழாயில் மாட்டிக்கொள்ளும் அளவில் இருக்கின்றன. நாலைந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு முழுதாகக் கொடுக்கக் கூடாது என்றுதான் குழந்தை மருத்துவர்கள் சொல்வார்கள். மகனுக்குப் பாசிப்பருப்புச் சுண்டலை நன்றாகக் குழைய விட்டுத் தேங்காய்ப்பூ போட்டுக் கொடுங்கள். கொண்டைக்கடலை என்றால் தோலை எடுத்து நசுக்கிக் கொடுங்கள். வருகிறவர்களுக்குச் சுண்டல் பொட்டலம் கொடுக்கிற வேலை மகளுடையது. வாசல் மணி அடித்தால் முதலில் ஓடுவது அவளாகத்தான் இருக்கும், அப்போது கையில் கொடுக்க ஏதாவது இருந்தால் வெட்கம் போய்விடும். தீபாவளிப் பலகாரத் தட்டைப் பக்கத்து வீட்டுக்குக் கொண்டு போவதும், ரம்ஜான் அன்று மாடி வீட்டிலிருந்து பிரியாணிப் பாத்திரத்தை வாங்கி வருவதும், அதைத் திருப்பும்போது காலியாகக் கொடுக்காமல் ஒரு பிடி சர்க்கரையோ பழமோ போட்டுக் கொடுப்பதும் பிள்ளை மூலமாகவே நடக்கட்டும். அபார்ட்மெண்டில் யார் வீட்டுக் கதவைத் தட்டலாம் என்று பிள்ளை தெரிந்துகொள்வது அப்படித்தான். வாசல் வரை நீங்களும் கூடப் போங்கள்.

தீபாவளியை நான் இரண்டாகப் பிரிப்பேன்: எண்ணெய் பகல், வெடி இரவு. பிள்ளைகளின் தீபாவளி எண்ணெய்க் குளியலில்தான் இருக்கிறது. பெரியவர்கள் உச்சந்தலையில் எண்ணெய் வைத்து ஆசீர்வதிக்கிற வழக்கத்தில் ஒரு சின்னத் திருத்தம் செய்யுங்கள். உங்கள் தலையில் மகள் எண்ணெய் வைக்கட்டும், அப்பா தலையில் மகன் வைக்கட்டும். நல்லெண்ணெயை லேசாகச் சூடாக்கி, உங்கள் முழங்கையில் பட்டுப் பார்த்து, பிறகு தேய்க்கலாம். காதிலும் மூக்கிலும் எண்ணெய் விடுகிற பழக்கம் வேண்டாம், எண்ணெய் நுரையீரலுக்குப் போனால் நிமோனியாவில் கொண்டுபோய் விடும். குளிக்க வைக்கிற வேலையை உங்கள் வீட்டுக்காரர் எடுத்துக்கொள்ளட்டும். வழுக்குகிற பிள்ளையைப் பிடித்துச் சீயக்காய் கண்ணில் படாமல் குளிப்பாட்டி முடிப்பது அரை நாள் வேலைக்குச் சமம். அதைச் செய்கிற அப்பாவைப் பிள்ளைகள் மறக்க மாட்டார்கள், நீங்களும் அந்த நேரத்தில் நிம்மதியாகக் காபி குடிக்கலாம். நாலு மணிக்கு எழுப்ப வேண்டும் என்றில்லை. சின்னப் பிள்ளைகள் எழுந்த நேரம்தான் விடியல்.

வெடி. 2018இல் உச்ச நீதிமன்றம் நேரக் கட்டுப்பாடு விதித்த பிறகு, தமிழ்நாட்டில் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்று அரசு நேரம் குறித்திருக்கிறது. உங்களுக்கு இது வசதி. எந்த நேரத்தில் மகனை உள் அறையில் வைத்து ஜன்னலைச் சாத்த வேண்டும் என்று தெரிந்துவிடுகிறது. நடைமுறையில் அந்த நேரம் தாண்டியும் கேட்கும்தான். மத்தாப்புதானே, ஆபத்து இல்லை என்று எல்லோரும் நினைக்கிறார்கள். எரிகிற கம்பி மத்தாப்பின் நுனி 1000 டிகிரி செல்சியஸைத் தாண்டும். எரிந்து முடிந்த கம்பியை வாசலில் போட்டுவிட்டு, அதை வெறுங்காலில் மிதிப்பதுதான் அடிக்கடி நடப்பது. பாதி தண்ணீர் நிரப்பிய வாளி ஒன்றைப் பக்கத்தில் வையுங்கள். எரிந்த கம்பியை அதில் போட்டு 'சுர்' என்று சத்தம் கேட்பதை ஆட்டத்தின் கடைசிப் பகுதியாக்கிவிடுங்கள், மகள் அதற்காகவே காத்திருப்பாள். ஒரு கம்பிக்கு ஒரு பிள்ளை, பின்னால் ஒரு பெரியவர், காலில் செருப்பு, உடம்பில் பருத்தி உடை. வழுவழுப்பான பாவாடை காலையில் கோயிலுக்கு இருக்கட்டும். சுட்டுவிட்டால் குழாய்த் தண்ணீரில் 20 நிமிஷம் காட்ட வேண்டும். ஐஸ், பேனா மை, பேஸ்ட், மாவு எதுவும் வேண்டாம். 20 நிமிஷம் என்பது நினைப்பதைவிட நீளம், கடிகாரத்தைப் பார்த்துச் செய்யுங்கள்.

கார்த்திகை எளிது. அகல் விளக்குகளை முதல் நாள் தண்ணீரில் ஊறப் போட்டு எடுத்தால் எண்ணெயை உறிஞ்சாது. ஊறப் போடுவது மகன், துடைத்து அடுக்குவது மகள், திரி போடுவதும் அவளே. ஏற்றுவது நீங்கள். மகனுக்குப் பொரி உருண்டையை உதிர்த்துக் கொடுங்கள்.

ஊருக்குப் போவதைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். பொங்கலுக்கு நாலு நாள் லீவு, அதில் இரண்டு பக்கத்துத் தாத்தா பாட்டியையும் பார்த்துவிட வேண்டும் என்று ஓடினால் பண்டிகை காரிலேயே முடிந்துவிடும். தீபாவளி ஒரு வீடு, பொங்கல் மறு வீடு என்று பேசி முடிவு செய்யுங்கள், அடுத்த வருஷம் மாற்றிக்கொள்ளலாம். ரயில் டிக்கெட் 60 நாள் முன்னால்தான் திறக்கிறது, அன்று காலையே போட்டுவிட வேண்டும். ஐந்து வயதுக்குக் கீழே தனி பெர்த் கேட்காவிட்டால் டிக்கெட் தேவையில்லை. ஆனால் ராத்திரிப் பயணத்துக்கு நாலு வயதுப் பிள்ளைக்கும் ஒரு பெர்த் போட்டுவிடுவதுதான் நல்லது. பணம் போனாலும் ஊர் போய் இறங்கும்போது எல்லோரும் தூங்கி எழுந்தவர்களாக இருப்பீர்கள். ஊரில் பிள்ளைகளுக்கு ஒரு வேலை என்னவென்று ஆச்சியிடம் முன்பே போனில் கேட்டு வையுங்கள். கன்றுக்குட்டிக்குப் பொட்டு வைப்பதா, கீரைப்பாத்திக்குத் தண்ணீர் விடுவதா, எதுவானாலும். "பேத்தி வந்துதான் செய்யணும்" என்று ஆச்சி ஒரு வேலையை எடுத்து வைத்திருந்தால், போய் இறங்கின உடனே போன் கேட்கிற பிள்ளை அந்தப் பக்கம் போய்விடும்.

சென்னையிலேயே இருந்துவிட்டால் காணும் பொங்கலுக்கு மெரினா போகலாமா என்றால், இந்த வயதில் வேண்டாம் என்பேன். அந்தக் கூட்டத்தில் பிள்ளைகள் தொலைவதால்தான் அங்கே போலீஸார் குழந்தைகள் கையில் போன் நம்பர் எழுதிய பட்டை கட்டுகிறார்கள். அந்த யோசனையை மட்டும் கடன் வாங்கி, எந்தத் திருவிழாவுக்குப் போனாலும் நீங்களே ஒரு பட்டையில் நம்பர் எழுதிக் கட்டிவிடுங்கள்.

இதையெல்லாம் ஒரே வருஷத்தில் செய்ய வேண்டாம். பண்டிகைக்கு ஒரு வேலை, பிள்ளைக்கு ஒன்று, அதற்கு மேல் இல்லை. ஒருமுறை செய்ததை அடுத்த வருஷமும் அப்படியே செய்யுங்கள். பிள்ளைகள் புதுமை கேட்பதில்லை. "போன வருஷம் நான்தானே செய்தேன்" என்று உங்கள் மகள் வந்து நிற்கும்போது அது உங்கள் வீட்டு வழக்கமாகிவிட்டது என்று அர்த்தம். நடுவில் உள்ள சாதாரண நாட்களிலும் இதன் சின்ன வடிவம் இருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை விளக்குக்குப் பூ வைப்பது, சனிக்கிழமை எண்ணெய், கறிவேப்பிலை உருவுவது, வாசலில் நாலு புள்ளி வைப்பது. வாரம் முழுக்கச் சமையலறைக்குள் விடாத பிள்ளை பண்டிகையன்று மட்டும் பொறுப்பாக நடந்துகொள்ளாது.

இப்போது உங்களுக்கு முதலில் வருவது ஆடிப் பதினெட்டு, ஆகஸ்ட் 2 அல்லது 3இல் விழும். அதிலிருந்தே தொடங்கலாம், பூஜை வேலை குறைவு, சாப்பாடும் எளிது. திருச்சி, தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் அன்று சிறுவர்கள் சின்ன மரச் சப்பரம் இழுத்துக்கொண்டு காவிரிக்குப் போவார்கள். சக்கரம் வைத்த பலகை, அதன்மேல் சாமி படம், சுற்றிலும் வண்ணத்தாள், பூ. உங்கள் வீட்டில் ஒரு செருப்புப் பெட்டி, நாலு பாட்டில் மூடி, இரண்டு மூங்கில் குச்சி, ஒரு முழம் சணல் கயிறு போதும். மூடியில் துளை போடுவதும் குச்சியைக் கோர்ப்பதும் அப்பா. ஒட்டுவதும் படத்தைத் தேர்ந்தெடுப்பதும் மகள். இழுப்பது மகன், எப்படியும் அவன்தானே எல்லாவற்றையும் இழுக்கிறான். புளியோதரை காரமாக இருக்கும், பிள்ளைகளுக்கு எலுமிச்சை சாதமும் தேங்காய் சாதமும் கட்டுங்கள். வேர்க்கடலையை மகனுக்கு எடுத்துவிடுங்கள். சாயங்காலம் ஐந்தரைக்கு மொட்டை மாடிக்குப் போனால் வெயில் தணிந்திருக்கும். தண்ணீர்த் தொட்டிக்கு ஒரு பொட்டு வைத்து, பூப்போட்டு, அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வாருங்கள். மாடிக் கதவுச் சாவி வாட்ச்மேனிடம் இருக்கிறதா என்று மட்டும் முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.